மேடை தராத முதுமை

தேரிக்காட்டு அரங்குகள் – 14

டூரிங் டாக்கீஸ் தேரிக்காட்டுக்கு வந்து சேர்ந்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். திசையன்விளை, இட்டமொழி, நவ்வலடி, உவரி வட்டாரத்தில் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு உண்டு, கணியான் கூத்து உண்டு, கையில் காசு இருந்தால் ஓர் இரவு நாடகமும் உண்டு. அந்த வழக்கத்துக்கு நடுவே கீற்றுக் கொட்டகையும் வெள்ளைத் திரையும் வந்து நின்றன. ஜனங்கள் ஏன் அந்தப் பக்கம் போனார்கள் என்பதில் புதிர் ஒன்றும் இல்லை. சில்லறைக் காசுக்குத் தரையில் உட்கார்ந்து தியாகராஜ பாகவதரைப் பார்க்க முடிந்தது.

பார்த்தவர்கள் போனது சரி. நடித்தவர்கள் ஏன் போனார்கள்? ஏழு வயதில் முகத்தில் அரிதாரம் பூசி, மேடையிலேயே வளர்ந்து, மேடையிலேயே பெயரும் எடுத்தவர்கள், நடுவயது தாண்டியதும் சினிமா ஒன்றே போதும் என்று ஏன் இருந்துவிட்டார்கள்? இந்த அத்தியாயம் அந்தக் கேள்விக்கானது.

காசுக்காகப் போனார்கள் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நம் வழக்கம். காசும் காரணம்தான். 1935-இல் ‘பக்த நந்தனார்’ படத்துக்காகக் கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கினார். இராப்பகலாக ஊர் ஊராக ஆடியும் பாடியும் ஒரு நாடக நடிகர் ஆயுள் முழுக்கச் சேர்க்க முடியாத தொகை அது. ஆனாலும் அந்தத் தொகை கிடைத்தது விரல் விட்டு எண்ணக்கூடிய சிலருக்கு. மற்றவர்கள் சொற்பச் சம்பளத்துக்கும் சினிமாவிலேயே இருந்தார்கள். அவர்களுடைய வாழ்க்கையை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது ஒன்றுதான்: நம்முடைய மேடை நடிகனின் இளமையை முழுசாக வாங்கிக்கொண்டது, அவன் முதுமைக்கு அங்கே ஓர் இடமும் ஒதுக்கவில்லை. சினிமா ஒதுக்கியது.

செங்கோட்டையில் எழுந்த குரல்

எஸ்.ஜி. கிட்டப்பாவிடமிருந்து தொடங்குவோம். 1906-இல் செங்கோட்டையில் பிறந்தவர்; அப்போது அந்த ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. சிறு பையனாகவே மேடையேறி, கன்னையா கம்பெனியில் உச்சத்துக்குப் போனார். கொழும்பில் நாடகம் நடந்தபோது 1926-இல் சுந்தராம்பாளைச் சந்தித்தார். பிறகு இருவரும் சேர்ந்து நடித்த நாடகங்களுக்குத் தென்னாடே திரண்டது.

அந்தக் காலத்து மேடையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். மைக் கிடையாது. முன்வரிசையில் இருக்கும் மிராசுதாருக்கும், கொட்டகைக்கு வெளியே வண்டிமாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு நிற்பவருக்கும் ஒரே குரல் எட்ட வேண்டும். அதனால் ஆர்மோனியக்காரர் மேல்சுருதியில் கட்டையைப் பிடிப்பார். ராஜபார்ட் அந்த உயரத்திலேயே நின்று பாட வேண்டும். பாட்டு பிடித்துவிட்டால் கொட்டகை முழுக்க ‘ஒன்ஸ்மோர்’ என்று எழும். நடிகர் மறுக்க முடியாது. மறுபடி பாட வேண்டும். இரவு பத்து மணிக்கு மணியடித்துத் திரை தூக்கினால், மங்களம் பாடும்போது கிழக்கு வெளுத்திருக்கும். காலையில் வேஷம் கலைத்துவிட்டு அடுத்த ஊருக்கு ரயிலேற வேண்டும்.

1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’ திரையிடப்பட்டது. தமிழ் பேசிய முதல் படம் என்ற பெயர் அதற்குத்தான். கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து வந்தவர். கிட்டப்பா அப்போது புகழின் உச்சியில் இருந்தார். இரண்டே ஆண்டுகளில், 1933 டிசம்பர் 2 அன்று, உடல்நலம் கெட்டு மறைந்தார். வயது 27. ஒரு படத்திலும் அவர் இல்லை. இசைத்தட்டுகளில் குரல் மட்டும் கிடைக்கிறது. மேடையில் எப்படி நின்றார், எப்படித் திரும்பிப் பார்த்தார் என்பதெல்லாம் பார்த்தவர்களோடு போய்விட்டது.

அதே மேடையில், அவர் பக்கத்தில் நின்று பாடிய சுந்தராம்பாளின் கதை வேறு. கணவர் கிட்டப்பா போன பிறகு வெள்ளைச் சேலை உடுத்தி ஒதுங்கியிருந்தவரைச் சினிமா அழைத்தது. 1935-இல் நந்தனார், 1953-இல் ஜெமினியின் ‘ஔவையார்’, 1965-இல் ‘திருவிளையாடல்’. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகும் ஔவைப் பாட்டியாக வந்து பாடினார். வயதே அந்த வேஷத்துக்குக் கம்பீரமாக அமைந்தது. ஒரே மேடையில் புகழ் பெற்ற இருவர். ஒருவரை மேடை 27 வயதுக்குள் செலவழித்துவிட்டது. இன்னொருவரைச் சினிமா பேரன் பேத்தி காலம் வரை கொண்டுவந்து சேர்த்தது. மூத்த நடிகர்கள் இதைக் கண்ணால் பார்த்தவர்கள்.

பதினைந்து வயதில் ஓய்வு

மேடை கேட்டது இளமையிலும் இளமை. தூத்துக்குடிக்குப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், 1918-இல் மதுரையில் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா’வைத் தொடங்கினார். முழுக்க முழுக்கச் சிறுவர்கள். பெரிய நடிகர்கள் பாடத்தை மீறுகிறார்கள், மேடையில் போட்டிக்குப் பாடிக் கதையைக் கெடுக்கிறார்கள் என்ற நிலைமையில், பையன்களைப் பழக்கினால் ஒழுங்கு இருக்கும் என்பது பாய்ஸ் கம்பெனிகளின் நியாயம். டி.கே.எஸ். சகோதரர்கள் அந்த சபாவில்தான் பாலபாடம் படித்தார்கள். தமிழ் நடிப்பின் பள்ளிக்கூடம் அது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பையன்கள் எல்லாரும் பயந்த ஒன்று உண்டு: மகரக்கட்டு. பதினாலு பதினைந்து வயதில் குரல் உடையும் பருவம். நேற்று வரை கிருஷ்ணனாகவும் வள்ளியாகவும் கொட்டகையைக் கட்டிப்போட்டவன், இன்று மேல் ஸ்தாயிக்குப் போகும்போது குரல் பிசிறுகிறது. வாத்தியார் முகம் மாறும். முக்கிய வேஷம் அடுத்த பையனுக்குப் போகும். இவன் சேவகனாக ஈட்டி பிடித்து நிற்பான்; இல்லாவிட்டால் ஊருக்கு வண்டியேறுவான். மற்றத் தொழில்களில் வேலை பழகத் தொடங்கும் வயதில் இவனுக்கு ஓய்வு கொடுத்தார்கள்.

கிழவன் வேஷமாவது வயதானவருக்குக் கிடைத்ததா? கம்பெனியில் இருப்பவர்கள் பையன்கள் என்றால் தசரதனும் பையன்தான், விசுவாமித்திரனும் பையன்தான். விருதுநகர் வி.கே. ராமசாமி இதற்கு நல்ல சாட்சி. நாடகக் கம்பெனியில் வளர்ந்த அவர், ஏவி.எம்.மின் ‘நாம் இருவர்’ 1947-இல் வந்தபோது 21 வயது இளைஞர். படத்தில் தள்ளாத வயசுக் கள்ளமார்க்கெட் வியாபாரி. மேடையில் பழகிய வேஷத்தையே திரைக்குக் கொண்டுவந்தார். அதன்பின் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. 2002-இல் மறையும் காலம் வரை அவருக்கு அப்பாவாக, மாமனாராக, ஊர்ப் பெரியவராக வேஷம் வந்துகொண்டே இருந்தது. ஒட்டுமீசை நிஜ மீசையாயிற்று, பவுடர் நரை நிஜ நரையாயிற்று. கம்பெனியிலேயே தங்கியிருந்தால் அந்த வேஷத்தை இன்னொரு இருபது வயதுப் பையன் வாங்கியிருப்பான்.

சுவாமிகளுடைய கடைசிக் காலத்தையும் இங்கே நினைக்க வேண்டும். 1921-இல் பக்கவாதம் அவரை வீழ்த்தியது. ஆசுகவியாகப் பாட்டுக் கட்டிய வாய் பேச்சிழந்தது. சபாவோடேயே இருந்து, 1922 நவம்பரில் புதுச்சேரியில் காலமானார். ஆசிரியர் என்ற மரியாதையில் சபா அவரைத் தாங்கியது. பெயரில்லாத ஒரு துணை நடிகருக்குக் கை கால் விழுந்திருந்தால் தாங்குவதற்கு எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. ஆடிய ராத்திரிக்குச் சம்பளம், ஆடாத ராத்திரிக்குப் பட்டினி என்பதே தொழிலின் சட்டமாக இருந்தது.

சுண்டங்கோட்டைக்காரர்

நம் பனங்காட்டுச் சீமையின் சொந்தப் பிள்ளை டி.எஸ். பாலையா. அன்றைய திருநெல்வேலி ஜில்லாவில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள சுண்டங்கோட்டையில் 1914-இல் பிறந்தவர். நாடக மேடையில் தொழில் கற்று, 1936-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’யில் வில்லனாக வந்தார். எம்.ஜி.ஆர். சின்ன வேஷத்தில் தலைகாட்டிய அதே படம். அப்போது தொடங்கி 1972-இல் இறக்கும் வரை பாலையாவைச் சினிமா விடவில்லை.

அவருடைய தொழில் வாழ்க்கை நீண்டதற்கு இரண்டு நுட்பங்கள் காரணம். முதலாவது பின்னணிக் குரல். 1938-இல் ஏவி. மெய்யப்பச் செட்டியார் ‘நந்தகுமார்’ படத்தில் ஒருவர் பாட இன்னொருவர் வாயசைக்கும் முறையைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். நாடக நடிகனுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைக் குரல் உடைந்து வேஷம் இழந்தவர்களைக் கேட்டால்தான் தெரியும். ‘திருவிளையாடல்’ படத்தில் ஹேமநாத பாகவதராகச் செருக்கோடு கச்சேரி செய்யும் பாலையாவை நினைத்துப் பாருங்கள். குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது, தலையசைப்பு, சபையை அளக்கும் பார்வை, தானே தன் பாட்டில் சொக்கிப் போகும் அந்தத் திமிர் எல்லாம் பாலையாவுடையது. அப்போது அவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. மேடையாக இருந்தால் தொண்டை அனுமதித்தால்தான் அந்த வேஷம்.

இரண்டாவது குளோசப். 1964-இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் தன் அப்பாவிடம் பேய்க்கதை சொல்லும் காட்சியைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர்கள் குறைவு. பேசுவது முழுக்க நாகேஷ். பாலையாவுக்கு வசனம் அநேகமாக இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், முதலில் சலிப்பு, பிறகு ஆர்வம், அதன்பின் மெல்ல ஏறும் பயம், மகன் முன்னால் அதை மறைக்கும் பாடு. கண்ணும் கன்னச் சதையும் மட்டுமே வேலை செய்கின்றன. எழுந்து குதிக்க வேண்டாம், எட்டுக்கட்டையில் கத்த வேண்டாம். கொட்டகையில் இதைச் செய்திருந்தால் மூன்றாம் வரிசைக்கு அப்பால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. முப்பது வருஷம் சேர்த்த அனுபவத்தை முகத்தின் ஓர் அசைவில் கொடுத்துவிட முடிகிறது என்றால், எந்த மூத்த நடிகர் அதை வேண்டாம் என்பார்?

சீமையின் சரித்திரம் திரைக்குப் போனது

நெல்லைச் சீமையின் இரண்டு பெரும் கதைகளும் இந்த வழியாகவே ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன. சக்தி கிருஷ்ணசாமி எழுதிய ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ நாடகத்தைச் சிவாஜி நாடக மன்றம் 1957 முதல் நடத்தியது. 1959-இல் அது படமாயிற்று. அடுத்த ஆண்டு கெய்ரோ ஆசிய–ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜி கணேசனுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில் இடம் வாங்கிச் சிலை வைத்ததும் அவர்தான். அந்த வசனங்களை ஒவ்வோர் இரவும் அடிவயிற்றிலிருந்து முழக்குவதும், ஷாட் ஷாட்டாகப் பிரித்துப் பேசிவிட்டு இடையில் மூச்சு வாங்கிக்கொள்வதும் உடம்புக்கு ஒன்றல்ல.

1961-இல் பி.ஆர். பந்துலு எடுத்த ‘கப்பலோட்டிய தமிழன்’ இன்னும் அழுத்தமான சான்று. வ.உ.சி.யாக சிவாஜி, சுப்பிரமணிய சிவாவாக டி.கே. சண்முகம், பாரதியாக எஸ்.வி. சுப்பையா. மூவரும் சிறுவயதிலேயே நாடகக் கம்பெனிக்குள் வந்தவர்கள். சுப்பையா கிட்டப்பாவின் ஊரான செங்கோட்டைக்காரர். பாய்ஸ் கம்பெனிப் பாடம் அறுபது வருஷத்துக்குப் பிறகும் அப்படியே நம் கண்முன் நிற்கிறது. பாரதியின் நடையை, முறுக்கிய மீசையை, சட்டென்று எழும் ஆவேசத்தை இன்றைய பிள்ளைகள் மனதில் எழுதியவர் சுப்பையா. அவர் மேடையில் செய்த வேஷங்கள் எத்தனையோ. அவற்றில் ஒன்றையாவது நம்மால் இன்று பார்க்க முடியுமா?

விட்டுப் போகாதவர்கள்

எல்லாரும் போய்விடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். டி.கே.எஸ். சகோதரர்கள் 1935-இலேயே ‘மேனகா’ நாடகத்தைப் படமாக்கக் கொடுத்து நடித்தார்கள். 1941-இல் ‘குமாஸ்தாவின் பெண்’ணும் திரைக்குப் போயிற்று. ஒவ்வொரு முறையும் மேடைக்கே திரும்பி வந்தார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. 1942-இல் மேடையேறிய ‘ஔவையார்’ நாடகத்தில் ஔவையாகவே வாழ்ந்து ‘ஔவை’ சண்முகம் என்ற பெயரையே பெற்றவர் சண்முகம். ஔவையார் கதை ஜெமினியில் படமானபோது அந்த வேஷம் சுந்தராம்பாளுடையது. டி.கே. பகவதி மேடையில் ராஜராஜ சோழனாக வீற்றிருந்தார்; 1973-இல் ‘ராஜராஜ சோழன்’ சினிமாஸ்கோப்பில் வந்தபோது ராஜராஜன் சிவாஜி. சகோதரர்களின் மிகச் சிறந்த வேஷங்கள் இரண்டையும் நாம் திரையில் வேறு முகங்களில் பார்க்கிறோம்.

எம்.ஆர். ராதா சினிமாவை விட்டுவிட்டு மேடைக்கே திரும்பியவர்; ‘ரத்தக்கண்ணீர்’ நாடகத்தின் வெற்றி 1954-இல் சினிமாவே அவரைத் தேடி வர வைத்தது. ஆர்.எஸ். மனோகர் படத்தில் வில்லனாகப் பெயர் வாங்கிய பிறகு நேஷனல் தியேட்டர்ஸ் வைத்து ‘இலங்கேஸ்வர’னை ஊர் ஊராகக் கொண்டுபோனார். இவர்களைப் போன்றவர்களால்தான் மேடை உயிரோடு இருந்தது. அவர்கள் தனியாளாகச் சுமந்தார்கள். தொழில் அவர்களைச் சுமக்கவில்லை.

சினிமாவுக்குப் போனவர்கள் எல்லாரும் கரையேறிவிட்டார்கள் என்பதும் தவறு. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944-இல் கைதாகி மீண்ட தியாகராஜ பாகவதரும் நாகர்கோவில் என்.எஸ். கிருஷ்ணனும் ஐம்பது வயதைத் தொடாமலே போய்ச் சேர்ந்தார்கள். கடைசிக் காலத்தில் இருவர் கையிலும் காசு இல்லை. சினிமா ஆளைக் காப்பாற்றும் என்ற உத்தரவாதம் கிடையாது. ஆனால் அங்கே ஒரு கிழவனுக்குக் கிழவனாகவே வேலை உண்டு. மேடை அந்த வேலையைக் கொடுக்கவில்லை.

கடல் கடந்தும் இதே கதை

லண்டன் மேடை நம்முடையதைவிட வசதியானது. நாடகத்துக்கென்றே அரசு மானியமும் நிலையான அரங்குகளும் உள்ள ஊர். அங்கேயும் மூத்த நடிகர்கள் மேடையிலிருந்து விலகியிருக்கிறார்கள். இயான் ஹோம் 1976-இல் ஒரு நாடகத்தின் நடுவே மேடைப் பயத்தில் உறைந்து போய்ப் பல ஆண்டுகள் பெரும்பாலும் திரையிலேயே நடித்தார். ‘ஹாரி பாட்டர்’ படங்களில் டம்பிள்டோராக வந்த மைக்கேல் கேம்பன், வசனம் மறந்துபோகிறது, காதில் கருவி வைத்து ஒருவர் எடுத்துக்கொடுத்தும் சரிவரவில்லை என்று 2015-இல் மேடை நடிப்பை நிறுத்திவிட்டதாக அறிவித்தார். படங்களில் தொடர்ந்து நடித்தார். 2024 ஜூனில் 85 வயது இயான் மெக்கெல்லன் ஒரு சண்டைக் காட்சியின்போது மேடையிலிருந்து தவறி விழுந்தார். மூன்று மணி நேர வசனத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, விழாமல், மறக்காமல், நிறுத்தாமல் ஓட வேண்டிய தொழில் மேடை. படப்பிடிப்பில் அரைப் பக்க வசனம். தவறினால் இன்னொரு டேக். மூப்பு எந்த நாட்டு நடிகனுக்கும் மூப்புதான்.

வல்லநாட்டு கணேசன்

தாமிரபரணிக் கரையின் வல்லநாட்டில் 1944-இல் பிறந்த டெல்லி கணேஷ் இந்தக் கதையின் அண்மைக் கால அத்தியாயம். விமானப்படையில் பத்து ஆண்டுகள், தலைநகரில் தக்ஷிண பாரத நாடக சபாவில் நடிப்பு, பிறகு சென்னையில் காத்தாடி ராமமூர்த்தியின் குழு. விசு எழுதிய ‘பட்டினப்பிரவேசம்’ நாடகத்தை கே. பாலசந்தர் 1977-இல் படமாக்கியபோது கணேசன் திரைக்கு வந்து ‘டெல்லி’ கணேஷ் ஆனார். அவர் தலைமுறைக்கு சபா நாடகம் சனி ஞாயிறு மாலைகளில் நடப்பது. பகலில் வேறு உத்தியோகம் இருந்தால்தான் கட்டுபடியாகும். நடிப்பையே உத்தியோகமாக வைத்துக் குடும்பம் நடத்த வழி கொடுத்தது சினிமா. 2024 நவம்பரில் 80 வயதில் மறையும்வரை நானூறுக்கும் மேற்பட்ட படங்கள். ‘நாயகன்’ ஐயரும், ‘மைக்கேல் மதன காமராஜன்’ பாலக்காட்டு மணி ஐயரும் நாடகத்தில் பழகிய நேரக்கணக்கு தெரிந்தவரால் மட்டுமே செய்யக்கூடியவை. கற்றது மேடையில், காலம் முழுக்கச் செலவழித்தது திரையில்.

இந்த நடிகர்களில் எவரையும் மேடைக்குத் துரோகம் செய்தவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. மேடை அவர்களுக்குக் கொடுத்ததை வட்டியும் முதலுமாகத் திரையில் பதித்துவிட்டுப் போனார்கள். அந்தப் பதிவு இல்லையென்றால் சங்கரதாஸ் சுவாமிகளின் பள்ளிக்கூடம் எப்படி நடிக்கச் சொல்லிக் கொடுத்தது என்பதை நாம் புத்தகத்தில் மட்டுமே படித்துக்கொண்டிருப்போம்.

கேள்வி நம்மைப் பார்த்தே வருகிறது. திசையன்விளை வட்டாரத்துக் கொடைக் கமிட்டிகள் வரி பிரித்து இன்னிசைக் கச்சேரி வைக்கின்றன, பட்டிமன்றம் வைக்கின்றன. நாடகம் வைத்தால் மதுரை, புதுக்கோட்டையிலிருந்து ஸ்பெஷல் நாடக நடிகர்கள் வந்து விடிய விடிய ஆடக் காத்திருக்கிறார்கள். அவர்களிலும் அறுபது வயதுக்காரர்கள் உண்டு. விடிய விடிய ஆடு என்று அவர்களைக் கேட்காமல் மூன்று மணி நேர நாடகம் கேட்கலாம். வயதானவர்களுக்கென்றே வேஷம் உள்ள கதைகளைக் கேட்கலாம். ஆடுகிற இரவை நல்ல கேமராவில் பதிவு செய்து அந்தப் பதிவை நடிகர் கையிலும் கொடுக்கலாம். அரசு நலிந்த கலைஞர்களுக்குத் தரும் உதவித்தொகைக்கு மனு எழுதத் தெரியாத நடிகருக்கு ஊரில் படித்த ஒருவர் எழுதிக் கொடுக்கலாம். இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. அனுபவம் முதிர்ந்த நடிகர் மேடையில் நிற்க வேண்டும் என்று நாம் உண்மையிலேயே ஆசைப்பட்டால், அவர் நிற்கக்கூடிய மேடையை முதலில் போட்டுக் கொடுக்க வேண்டும்.

அடுத்த இதழில்: ஸ்திரீபார்ட் வேஷம் கட்டிய ஆண் நடிகர்களும், அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த பெண் நடிகைகளும்.

(தொடரும்)